கப்பலேறிய பெயர்கள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பிறந்த தமிழர் ஒருவர் தம் மூதாதையைத் தேடப் புகுந்தால், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துச் சிற்றூர்களையும் நாட வேண்டியிருக்கும். ஆனால், பழைய ஏடுகளில் மாவட்டத்தின் பெயர் ‘செங்கற்பட்டு’ என்றே இருக்கும். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான்.

1860 அக்டோபர் 12ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16இல் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை இவ்வாறு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் 1,52,184 பேர்.

மூதாதையைத் தேடுவோர் முதலில் நினைப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே. இங்கிலாந்தில் நூறாண்டு கழிந்தபின் குடும்பவாரிக் கணக்கேடுகள் பொதுமக்கள் பார்வைக்கு வரும். 1921ஆம் ஆண்டின் ஏடுகள் 2022இல் திறக்கப்பட்டன. நம் நாட்டிலோ 1871–72இல் தொடங்கிய கணக்கெடுப்பு விட்டுச்சென்றவை தொகைகளே, ஆட்பெயர்கள் அல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் தனிமனிதர் விவரங்களைப் பார்க்க இடந்தருவதில்லை.

ஊரில் தங்கியவன் எண்ணாகக் கரைந்தான். கூலியாகக் கடல் கடந்தவன் பெயராக நின்றான். கப்பற் பட்டியலில் அவன் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், உடற்குறி யாவும் பதிவாயின. அன்பினால் எழுதப்பட்டவை அல்ல அவை; ஆளை அடையாளம் காண எழுதப்பட்டவை. ஆங்கில எழுத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடு மறைந்தது. பட்டங்களே குடும்பப் பெயர்களாயின: கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார்; முதலியார் ‘மூட்லி’ ஆனார்.

ஏடு மயங்குமிடத்தில் மரபணுச் சோதனை துணைநிற்கும். எனினும் அதற்கும் எல்லை உண்டு. பாட்டன், பூட்டன், ஓட்டன் என எண்ணிச் செல்கையில், ஓட்டனிடமிருந்து நமக்கு வரும் கூறு சராசரியாகப் பதினாறில் ஒன்றே. நெருங்கிய உறவுக்குள் மணம் நிகழும் குடிகளில், தொலைவுறவும் அண்மையுறவாகத் தோன்றக்கூடும். குருதி உறவைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. ஏடு ஊரைக் காட்ட, அவ்வூரில் இன்று வாழும் ஒருவரும் சோதனைக்கு இசைந்தால்தான் இரண்டும் பொருந்துகின்றனவா என அறியலாம்.

அன்று ஆட்களை அனுப்பிய இந்நிலம், இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளரை ஏற்கிறது. அவர்தம் பெயரையும் ஊரையும் பிழையின்றி எழுதிவைத்தல் எழுத்தறிந்தோர் கடனாகும். நூறாண்டு கழித்துத் தேடிவரும் பேரனுக்கு, பதிவேட்டின் அந்த ஒரு வரியன்றிப் பாட்டனைக் காட்ட வேறெதுவும் இராது.