டிமாண்டு இருக்காமே, தம்பி!

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டிருந்தாள். மழை, தண்ணீர், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எல்லாம் பேசி முடித்து ஃபோனை வைக்கப் போகிற நேரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. சின்னவள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். நர்சிங்தான் படிப்பேன் என்கிறாளாம். அத்தானுக்கு இஷ்டமில்லை.

"டெல்லியில, வெளிநாட்டுலயெல்லாம் நர்ஸுக்கு ஏக டிமாண்டாமே தம்பி, நெசந்தானா? நீ ஒரு வார்த்த சொன்னா அவுக கேப்பாக."

இருபத்திரண்டு வருஷமாக டெல்லியில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் எனக்குச் சகலமும் தெரியும் என்று அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. நானோ ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். "ரெண்டு நாள் டைம் குடு அக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

உடனே "சேத்து விடு" என்று சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. 2006-ல் எங்கள் தெருக்காரர் ஒருவர் தன் மகளுக்காக இதே கேள்வியை என்னிடம் கேட்டார். நானும் பெரிய மனுஷன் தோரணையில், "கண்ண மூடிக்கிட்டு சேருங்கண்ணே, ஸ்கோப் இருக்கு" என்றேன். அவர் வயலை அடகு வைத்துப் பக்கத்து மாநிலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் சேர்த்தார். படித்து முடித்து அந்தப் பெண் டெல்லிக்கே வேலைக்கு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு இட்லி சாப்பிட வந்தவளிடம் என் மனைவி, "சம்பளமெல்லாம் எப்படிம்மா?" என்று கேட்டாள். மாசம் ஆறாயிரம். ரெண்டு வருஷ பாண்டு. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆஸ்பத்திரி அலமாரியில். நடுவில் போனால் ஐம்பதாயிரம் கட்டிவிட்டுப் போக வேண்டும். ராத்திரியில் இருபது நோயாளிக்கு அவள் ஒருத்தி. சொல்லிவிட்டு, "ஆனா வேல பிடிச்சிருக்குண்ணே" என்று சிரித்தாள். எனக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை.

டிமாண்டு இருக்கிற வேலைக்கு எப்படி ஆறாயிரம்? இந்தத் தடவை பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதையைப் படித்தேன்.

கதை நம்ம ஊரில்தான் ஆரம்பிக்கிறது. 1664-ல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காக ஒரு ஆஸ்பத்திரி வைத்தது. மருத்துவச்சிகளுக்கான பயிற்சி 1854-ல் சென்னையில் வந்தது. 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் (நம்ம சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கிற அதே ஜி.ஹெச்.தான்) செவிலியர் பள்ளி தொடங்கினார்கள். முதல் வகுப்பில் நாலே நாலு மாணவிகள்! இந்தியாவில் சிப்பாய்கள் சண்டையை விட சீக்கில் அதிகம் சாகிறார்கள் என்று புள்ளிவிவரம் போட்டுச் சண்டை பிடித்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். அந்த அம்மாள் இந்தியாவுக்கு ஒரு முறைகூட வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

நாலு பேர்தான் வந்தார்கள் என்றால் ஏன் என்று நமக்குத் தெரியாதா என்ன? அந்நிய ஆம்பளையைத் தொட வேண்டும், மலஜலம் எடுக்க வேண்டும், ராத்திரி வெளியே தங்க வேண்டும். தீட்டு பார்த்த சமூகத்தில் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? அதனால் ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவப் பெண்கள். இன்றைக்கும் எந்த மதத்து நர்ஸாக இருந்தாலும் நாம் "சிஸ்டர்" என்று கூப்பிடுவது கன்னியாஸ்திரீகள் விட்டுப்போன வார்த்தைதான். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பள்ளி தொடங்கினார். நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய 1926-லேயே மெட்ராஸ் மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. இதிலெல்லாம் நாம் முன்னோடிதான்.

இனிமேல்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம். 1943-ல் பிரிட்டிஷ் அரசு சர் ஜோசப் போர் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரி தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. 1946-ல் அறிக்கை வந்தது. நாட்டில் சுமார் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். நர்ஸ்? 43,000 பேருக்கு ஒருவர்! முப்பது கோடி ஜனத்துக்கு ஏழாயிரம் நர்ஸுகள். ஒரு நடுத்தர டவுன் முழுக்க ஒரே ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரையும் சுற்றுப்பட்டுக் கிராமங்களையும் சேர்த்தாலே அவ்வளவு தலை தேறாது. நீண்ட கால இலக்காக 500 பேருக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்றது போர் கமிட்டி. அதோடு விடவில்லை. இருக்கிற நர்ஸுகளின் சம்பளம், தங்குமிடம், வேலை நேரம் எல்லாம் மோசமாக இருக்கிறது, இதைச் சரி பண்ணாமல் ஆள் வராது என்கிற கருத்தையும் எழுதி வைத்தது. முதல் பாதியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டாவது பாதியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

படிப்பு என்னவோ வளர்ந்தது. அதே 1946-ல் டெல்லியிலும் வேலூரிலும் பி.எஸ்ஸி. நர்சிங் தொடங்கியது. 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். 1959-ல் நம்ம ஏ.லட்சுமணசாமி முதலியார் தலைமையில் இன்னொரு கமிட்டி. 1973-ல் கர்த்தார் சிங் கமிட்டி. கமிட்டிக்கு நம் நாட்டில் என்றைக்குமே தட்டுப்பாடு வந்ததில்லை.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது 1987-ல் போட்ட கமிட்டி. நர்ஸுகளுக்காகவே போட்டது. தலைவர் சரோஜினி வரதப்பன், முதலமைச்சராக இருந்த பக்தவத்சலத்தின் மகள். வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்கு விடுப்போ பணமோ, வார ஓய்வு, பணியிடத்துக்குப் பக்கத்தில் வீடு... 1989-ல் கொடுத்த அறிக்கையில் இப்படிப் போகிறது பரிந்துரைகள். வீட்டில் பெண்களை வேலைக்கு அனுப்பிய யாருக்கும் இதெல்லாம் ஆடம்பரமாகத் தோன்றாது. தெருக்காரர் மகள் ராத்திரி ஒருத்தியாக இருபது கட்டிலைப் பார்த்துக்கொண்டது அந்த அறிக்கை வந்து இருபது வருஷத்துக்கு அப்புறம்!

நடுவில் வெளிநாட்டுக் கதவு திறந்தது. 1960-களிலேயே கேரளத்துப் பெண்கள் சர்ச் மூலமாக ஜெர்மனிக்குப் போனார்கள். 1970-களில் எண்ணெய்ப் பணம் வந்ததும் வளைகுடா. இங்கே டெல்லியில் எந்த ஆஸ்பத்திரி வார்டில் நுழைந்தாலும் மலையாளம் காதில் விழுவதும் அந்தக் கதையின் ஒரு கிளைதான். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளும் நிறைய உண்டு. டெல்லிக்காரனுக்கு எல்லாரும் ஒரே "மத்ராசி" என்பதால் தனியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

உள்ளூர்ச் சம்பளத்தில் படிப்புக் கடனை அடைக்க முடியாது, வெளிநாடு போனால்தான் முடியும். டிமாண்டு என்று நாம் சொன்னதன் அர்த்தம் முக்கால்வாசி இதுதான். 2014 ஜூலையில் இராக்கின் திக்ரித்தில் போர் நடுவில் சிக்கி மீண்டு வந்தார்களே 46 நர்ஸுகள், ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலும் கேரளத்தவர், தூத்துக்குடிப் பெண் ஒருவரும் உண்டு. உயிர் தப்பி வந்த பிறகும் பலருக்கு வராத சம்பளமும் அடைக்காத கடனும்தான் கவலை. மறு வருஷம், 2015-ல், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்கு அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் அழுவதற்கு முன் அந்த வாசலை ஒரு தடவை மிதித்துவிடுங்கள்.

2011-ல் ஒரு மலையாளி நர்ஸ் மும்பையில் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து மும்பை, டெல்லி என்று பல ஊர்களில் நர்ஸுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடு என்பதுதான் கோரிக்கையே! எங்கள் தெருப் பெண்ணுக்கும் அப்போதுதான் அவள் காகிதங்கள் கைக்கு வந்தன. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் சம்பளத்தைப் பார்க்கச் சொன்னது. அதன்படி அமைந்த கமிட்டி, ஐம்பது படுக்கைக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, இருநூறுக்கு மேலே என்றால் அரசுச் சம்பளத்துக்குச் சமமாக வேண்டும் என்றது. பரிந்துரைதான். கேரளம் 2018-ல் குறைந்தபட்சக் கூலியாகவே அறிவித்தது. மற்ற மாநிலங்களில் கேட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தனியாரை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. 2015-ல் தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 நர்ஸுகளைத் தேர்வு வைத்து எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். எங்கள் தெருப் பெண்ணும் எழுதி, ஜெயித்து, ஊர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தாள். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்களே, அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். 2020 மார்ச்சில் நாமெல்லாம் மாடியில் நின்று தட்டு தட்டினோம். கொரோனா வார்டில் அப்போதும் ஒப்பந்த நர்ஸுகள் இருந்தார்கள். அவளுக்கு ஒருவழியாக நிரந்தரமானபோது வேலைக்கு வந்து பத்து வருஷம் தாண்டியிருந்தது.

ஆள் தேவை என்பது 1946-லேயே எண்ணிவிட்ட கணக்கு, பொய்யில்லை. ஆனால் தேவை என்பது வேறு, பணியிடம் என்பது வேறு. ஆள் எத்தனை குறைகிறது என்று எண்ணியவர்கள், அந்த இடத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். கணக்குப்பிள்ளைக்கு இந்த ஓட்டை கண்ணில் படாமல் இருக்குமா?

செவ்வாய்க்கிழமை ராத்திரி நானே கூப்பிட்டேன். மருமகளையே ஃபோனுக்கு வரச் சொன்னேன். டிமாண்டு பற்றி எதுவும் சொல்லவில்லை. கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, அதில் நிஜமாகவே நோயாளிகள் படுத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார். கவுன்சில் அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று கேள். போன வருஷம் முடித்த அக்காமார் எங்கே, எவ்வளவு சம்பளத்துக்கு இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேள். எந்த நிலையிலும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கையிலும் விட்டுவிட்டு வராதே.

"ஏன் மாமா, அப்ப வேண்டாங்கியளா?"

"வேண்டாம்னு சொல்லல தாயி. ஒரு நம்பர் தாரேன், அந்த அக்காட்ட பேசு. என்னைய விட அவளுக்குத் தெரியும்."

தெருக்காரர் மகள் நம்பரைக் கொடுத்தேன். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நேற்று அக்கா கூப்பிட்டபோது நடுவில் அத்தான் ஃபோனை வாங்கினார்.

"மாப்ளே, கவர்மெண்ட் காலேஜ் கெடைக்கணும்னா எம்புட்டு மார்க் வேணும்?"