தரங்கை ஆலயம் தரும் பாடம்

தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயத்தைப் படமெடுப்போர் பலர், படித்தறிவோர் சிலரே. முகப்பிலுள்ள முடியும் இலச்சினையும் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கை நினைவூட்டுகின்றன. 1706இல் வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்க் 1718இல் இதனைத் திறந்துவைத்தார். மறு ஆண்டே மறைந்து இங்கேயே அடக்கமானார். 1845இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆலயம் சான்றாக நிலைத்தது.

முகப்பை மட்டும் படம்பிடித்தல் வரலாறாகாது. தேய்ந்த கல்லெழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் துலங்கும். அதனை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, திருச்சபைப் பதிவேடுகளோடு ஒப்புநோக்குதல் வேண்டும்.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் எழுப்பிய பள்ளிவாசல்களுக்கும் இம்முறையே பொருந்தும். திருப்பணியின்போது பெயர்த்தெறியப்படும் கல்லோடு நம் வரலாறும் பெயர்ந்துவிடும். கொல்லறு வருமுன் நிழற்படக் கருவி செல்லட்டும்! பிறர் ஆலயத்தில் கற்றதை நம் பள்ளியிலும் கைக்கொள்வோமாக!