ஓடுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் யார்?

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள். விடியற்காலையில் மகளை எழுப்பிப் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்குக்கு அனுப்புகிற தாய்மார்கள் அவசியம் வாசிக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். அடுத்த சில நாட்களில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள்.

அந்தப் பெண் ஊக்கமருந்து சாப்பிடவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. உடம்பு பிறப்பிலேயே அப்படி அமைந்திருந்தது, அவ்வளவுதான். மருத்துவர் தனியே உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்ல வேண்டிய விஷயம் தொலைக்காட்சிச் செய்தியாகி, டீக்கடைப் பேச்சாகிவிட்டது. 2007இல் சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்லவேளையாகப் பிழைத்தார்.

தமிழக அரசு கொடுத்த 15 லட்சம் ரூபாயைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். பணம் தீர்ந்ததும் 2012இல் மறுபடியும் செங்கல் சூளைக்கே கூலிக்குப் போனார். அதன்பிறகு முறையாகப் பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். பதக்கம் மட்டும் இன்றுவரை திரும்ப வரவில்லை.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோவுக்கும் இதே கதிதான். காயம் பட்டதுபோல் நடித்து ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார்கள். செய்தி வெளியே வந்ததும் உதவித்தொகை போயிற்று, தங்கியிருந்த இடம் போயிற்று, காதலித்தவரும் விலகிவிட்டார். போராடி 1988இல் மறுபடி ஓடும் உரிமையைப் பெற்றார்.

இப்போது ஒடிசாவுக்கு வாருங்கள். நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்த். 2014இல் 18 வயது. காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்பவிருந்த நேரத்தில், உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு கூடுதல் என்று நிறுத்திவிட்டார்கள். ஊரார் பேசியதை வாசித்துவிட்டு மூன்று நாள் அழுதுகொண்டே இருந்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். சாந்திக்கு நடந்தது அப்படியே திரும்ப நடந்துவிடும் போலத்தான் இருந்தது.

இந்தத் தடவை அந்தப் பிள்ளையைத் தனியே விடவில்லை. விளையாட்டில் பெண்கள் நிலை பற்றி ஆராய்ச்சி செய்த பயோஷ்ணி மித்ரா வந்து கூட நின்றார். உன்மேல் தப்பில்லை, எதிர்த்துக் கேட்கலாம் என்று தைரியம் சொன்னார். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த கத்ரீனா கர்காசிஸ் இந்த விதியை அறிவியல் ரீதியாகக் கேள்வி கேட்டவர். அவரும் கைகொடுத்தார். கனடா நாட்டு வழக்கறிஞர்கள் காசு வாங்காமல் வாதாடினார்கள். மார்ட்டினெஸ் பாட்டினோ தனியாகப் பட்டபாடு போல் டூட்டிக்கு வராமல் இவர்கள் தாங்கிக்கொண்டார்கள்.

2015 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. 2016இல் டூட்டி ரியோ ஒலிம்பிக் 100 மீட்டரில் ஓடினார். 1980இல் பி.டி. உஷா ஓடியதற்குப் பிறகு அந்தப் பிரிவில் ஓடிய இந்தியப் பெண் இவர்தான். 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி. (2023இல் ஊக்கமருந்து தொடர்பாக அவருக்குத் தடை வந்தது. அது வேறு வழக்கு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சாந்திக்கும் டூட்டிக்கும் மன உறுதியில் ஏற்றத்தாழ்வு இருந்ததாக நான் நினைக்கவில்லை. சாந்தி இடிந்துபோன நாளில் விஷயம் தெரிந்த ஒரு பெண் பக்கத்தில் இல்லை. டூட்டி அழுத நாளில் இருந்தார். எனக்குத் தெரிந்து வித்தியாசம் அதுதான்.

இதைப் பழங்கதை என்று தள்ள முடியாது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தரவரிசைத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் ஒருமுறை மரபணுச் சோதனை கட்டாயம். அந்த விதி சரியா தப்பா என்று நிபுணர்கள் பேசட்டும். நாளைக்கு நம் தாமிரபரணிக் கரைப் பிள்ளை ஒருத்தி அந்த அளவுக்கு ஓடி முன்னேறினால், முடிவை யார், எப்படி அவளிடம் சொல்வார்கள் என்பது நம் கவலை.

சோதனை வரைக்கும் போக வேண்டாம். மாவட்டப் போட்டியில் தோற்றவள், கால் பிசகி ஒரு வருஷம் உட்கார்ந்தவள், "ஆம்பளை மாதிரி இருக்கா" என்ற கேலியைக் கேட்டவள் எல்லாரும் இப்போதே நம்மிடையே இருக்கிறார்கள். அதனால் தாய்மார்களும், வகுப்பு டீச்சரும், பி.டி. டீச்சரும், விடுதிக் காப்பாளரும் ஒருவரோடு ஒருவர் பேசுங்கள். ஒருத்தி சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருப்பது இந்த நால்வரில் ஒருவர் கண்ணிலாவது படும். பட்டதும் "என்ன டைமிங்?" என்று கேட்காதீர்கள், "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பாளையங்கோட்டைக்கு இது புதிய பாடமும் இல்லை. இந்த ஊரைக் கண்ணால் பார்த்திராத சாரா டக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணியின் நினைவாக அவருடைய தோழிகள் பணம் திரட்டியதில் தொடங்கிய பணிதான் பின்னர் 1895இல் கல்லூரியாக வளர்ந்தது. முகம் தெரியாத பிள்ளைகளுக்காகச் சில பெண்கள் சேர்ந்ததால் நம் பாட்டிமார் படித்தார்கள். நம் கண்முன்னே ஓடுகிற பிள்ளைகளுக்காக நாம் சேர மாட்டோமா?

உங்கள் பள்ளியில், தெருவில் ஓடுகிற பிள்ளை இருந்தால் அவள் அம்மாவுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்