எட்டு போடாத காலம்

பதினெட்டு வயசுல நான் லைசென்ஸ் வாங்கின கதை ரொம்பச் சின்னது. டிரைவிங் ஸ்கூல் அண்ணன் கொடுத்த வண்டியில எட்டு போட்டேன். பாதியிலேயே "சரி, போப்பா"ன்னுட்டார் பிரேக் இன்ஸ்பெக்டர். நான் போட்டது எட்டா, ஆறான்னு எனக்கே சந்தேகம்தான்.

பத்து வருஷம் கழிச்சு இப்போ கார் கத்துக்கறேன். போன வாரம் ஒரு திருப்பத்துல பெரியவர் ஒருத்தர் ரோட்டைக் கடந்தார். பிரேக்கை மிதிச்சது பக்கத்துல இருந்த மாஸ்டர், நான் இல்லை. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. இந்த டெஸ்ட்டை எல்லாம் யார், எதுக்குக் கொண்டுவந்தாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். அதோட விளைவுதான் இது.

முதல் ஆள் கார்ல் பென்ஸ். தான் செஞ்ச வண்டியைத் தெருவுல ஓட்ட 1888-ல் பாடன் அரசாங்கத்திடம் எழுத்துல அனுமதி வாங்கினார். 1893-ல் பாரிஸ் போலீஸ், ஓட்டுறவங்களுக்குச் சான்றிதழ் வேணும்னு உத்தரவு போட்டது.

இங்கிலாந்து கதைதான் சுவாரஸ்யம். 1903-ல் சட்டம் போட்டு, 1904 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் கட்டாயம்னாங்க. 17 வயசு ஆகியிருக்கணும், அஞ்சு ஷில்லிங் கட்டணும். அவ்வளவுதான்! கண்ணு தெரியுதா, பிரேக் எங்கே இருக்குன்னு தெரியுமா.. ஒரு கேள்வி கிடையாது. ஓட்டுறவர் யாருன்னு அடையாளம் தெரிஞ்சா போதும்னு நினைச்சாங்க. திறமையைப் பத்தி யாருக்கும் கவலை இல்லை.

முப்பது வருஷம் இப்படியே ஓடுச்சு. 1930-ல் கார்களுக்கு இருந்த மணிக்கு 20 மைல் வேக வரம்பையும் எடுத்துட்டாங்க. 1934-ல் மட்டும் பிரிட்டன் சாலைகள்ல செத்தவங்க 7,343 பேர். கிட்டத்தட்ட பாதிப் பேர் நடந்து போனவங்க. அப்போ அங்கே மொத்தமே சுமார் 24 லட்சம் வண்டிதான். இன்னிக்கு 4 கோடி வண்டி ஓடுற அதே நாட்டுல வருஷத்துக்கு 2,000 பேர் கூடச் சாகறதில்லை.

அதுக்கப்புறம்தான் முழிச்சுக்கிட்டாங்க. போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா காலத்துல, 1935 மார்ச்சுல விரும்பினவங்களுக்கு டெஸ்ட் ஆரம்பிச்சுது. ஜூன் 1 முதல் கட்டாயம். கட்டணம் ஏழரை ஷில்லிங். முதல்ல பாஸானவர் பெயர் பீர். (சிரிக்காதீங்க, பெயர்தான் அப்படி!) டெஸ்ட்டுக்குன்னு தனி இடம் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், பார்க்னு எங்கேயாவது சந்திச்சு ஓட்டிக் காட்டணும்.

ஆனா ஒரு ஓட்டை. 1934 ஏப்ரல் 1-க்கு முன்னாடியே ஓட்ட ஆரம்பிச்சவங்களுக்கு டெஸ்ட் கிடையாது. எங்க சாஃப்ட்வேர் பாஷையில 'பேக்வேர்ட் கம்பாட்டிபிலிட்டி'. அதாவது எந்த ஓட்டுநர்கள் கையில அத்தனை பேர் செத்தாங்களோ, அவங்க அப்படியே தொடரலாம். புதுசா வர்றவன்தான் பரீட்சை எழுதணும்!

அப்புறம் போர் வந்துச்சு. 1939-ல் நிறுத்தின டெஸ்ட் 1946 நவம்பர்லதான் திரும்ப வந்துச்சு. போர்க்காலத்துல தற்காலிக லைசென்ஸ் வாங்கினவங்க டெஸ்ட் இல்லாமலே முழு லைசென்ஸா மாத்திக்கலாம்னு 1947-ல் ஒரு சலுகை வேற. 1956-ல் சூயஸ் பிரச்னையில பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப மறுபடி டெஸ்ட் நின்னுச்சு. கத்துக்கறவங்க பக்கத்துல ஆள் இல்லாமத் தனியாவே ஓட்டலாம்னு விட்டுட்டாங்க.

நம்ம ஊர்லயும் 1914, 1939, 1988னு மூணு மோட்டார் வாகனச் சட்டம் பார்த்தாச்சு. எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழிச்சுதான் டெஸ்ட்டுக்குப் போகணும், ஓட்டிக் காட்டணும்.. எல்லாம் சட்டத்துல இருக்கு. இருந்தும் என் எட்டு பாதியிலேயே நின்னுச்சு.

ஆபீஸ்ல புரொடக்‌ஷன்ல பக் வந்தப்புறம்தான் நாங்க டெஸ்ட் கேஸ் எழுதுவோம். ரோட்டுலயும் அதே கதைதான். என்ன, இங்கே பக்குன்னா ஒரு உயிர். அந்தப் பாதி எட்டை விட்டுக்கொடுத்தப்ப யாருக்குச் சலுகை கிடைச்சுது, யார் அதுக்கு விலை கொடுக்க இருந்தாங்கன்னு போன வாரம்தான் எனக்கு உறைச்சுது.

அடுத்த மாசம் கார் டெஸ்ட். "ஃபெயிலானாலும் பரவாயில்லை மாஸ்டர், யார்கிட்டயும் சொல்லி வெக்காதீங்க"ன்னேன். ஒரு மாதிரியா பார்த்தார்.