கொமென்ட்டை நம்பி வாங்கிய மெஷின்: இணையக் கொள்வனவு, பார்சல் மோசடிகள் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் பெரியம்மாவின் மகள் புதுக்குடியிருப்பில் இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். பாடசாலைச் சீருடையும் சாறிச் சட்டையும் தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். கடந்த வருடம் முகநூலில் அவர் ஒரு விளம்பரத்தைக் கண்டார். ஓவர்லொக் தையல் மெஷின் ஒன்று, கடை விலையில் பாதிக்கும் குறைவாக, 18,500 ரூபாய். வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், பெட்டி வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்று போட்டிருந்தது. அந்த விளம்பரத்தை வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "தம்பி, இவை சரியான ஆக்களோ? ஒருக்காப் பார்த்துச் சொல்லு" என்று கேட்டார்.

நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். மேலோட்டமாகப் பார்த்தேன். கீழே நிறையக் கொமென்ட்டுகள். பெரும்பாலும் தமிழ்ப் பெயர்கள். "கிளிநொச்சிக்கு இரண்டு நாளில் வந்தது, நல்ல மெஷின்" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். "கொமென்ட் எல்லாம் நல்லாத்தான் கிடக்கு அக்கா" என்று பதில் போட்டேன்.

பெட்டி வந்தது. காசு தந்தால்தான் பிரிக்கலாம் என்றார் கொண்டுவந்த இளைஞர். அக்கா குழுக்கடனில் எடுத்து வைத்திருந்த காசைக் கொடுத்தார். உள்ளே இருந்தது கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் தையல் பொறி. சீருடைத் துணியில் ஊசி இறங்கவே இல்லை. விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தையே காணவில்லை.

அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்த நான்தான் அவருக்கு 'சரி' சொன்னவன். அதன் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் என்று போகும் இடங்களில் எல்லாம் இதைப் பற்றிக் கேட்டேன். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு கதை இருந்தது. எல்லாரும் சொன்ன இன்னொன்று: "ஆருக்கும் சொல்லேல்லை." அந்த மோசடிகள் எப்படி நடக்கின்றன, எப்படித் தவிர்ப்பது, ஏமாந்தால் எங்கே போவது என்பதை இங்கே ஒன்றாகத் தருகிறேன்.

பொய்க் கொமென்ட்டுகள் எப்படி வருகின்றன

எங்கள் ஊரில் ஒரு பொருள் நல்லதா என்று பக்கத்து வீட்டில்தான் கேட்போம். இணையத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் இடத்தில் கொமென்ட்டும் நட்சத்திரங்களும் இருக்கின்றன. அதனால் மோசடிக்காரர் முதலில் உருவாக்குவது பொருளை அல்ல, பக்கத்து வீட்டுக்காரியை.

அக்கா அனுப்பிய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டுகளை வைத்து அந்தப் பெயர்களைத் தேடினேன். அதே 'கிளிநொச்சிப் பெண்' முடி வளரும் எண்ணெய் விற்கும் பக்கம் ஒன்றிலும் ஏறக்குறைய அதே வசனத்தை எழுதியிருந்தார். அவருடைய கணக்கில் நண்பர்கள் இல்லை, குடும்பப் படங்கள் இல்லை, பழைய பதிவுகள் இல்லை. பக்கத்தை நடத்துபவர் தனக்குப் பிடிக்காத கொமென்ட்டுகளை அழிக்கலாம், மறைக்கலாம். ஆகவே ஏமாந்தவர் எழுதியது எங்கள் கண்ணில் படுவதில்லை.

பெரிய விற்பனைத் தளங்களிலும் இது உண்டு. ஐந்து நட்சத்திரம் போட்டால் காசைத் திருப்பித் தருகிறேன் என்று விற்பனையாளர் பேரம் பேசுவார். நன்றாக விற்ற ஒரு பொருளின் பக்கத்தில் படத்தையும் பெயரையும் மாற்றி வேறு பொருளை வைப்பார். பழைய பொருளுக்குக் கிடைத்த பாராட்டு புதிய பொருளோடு ஒட்டிக்கொள்ளும். யாரோ ஒருவரின் முகவரிக்குப் பெறுமதியற்ற ஒன்றை அனுப்பி, 'வாங்கியவர்' பெயரில் தானே விமர்சனம் எழுதுவதும் உண்டு. 2020இல் அமெரிக்காவில் பல வீடுகளுக்குச் சீனாவில் இருந்து கேட்காமலே விதைப் பொட்டலங்கள் வந்தபோது, அது இந்த வகை வேலையாக இருக்கலாம் என்று அந்நாட்டு விவசாயத் திணைக்களம் சொன்னது. கேட்காத பார்சல் வந்தால், உங்கள் பெயரும் முகவரியும் வேறொருவர் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பொய் விமர்சனங்களைத் தடைசெய்யும் விதி அமெரிக்காவில் 2024 ஒக்டோபரிலும், பிரித்தானியாவில் 2025 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம், வியாபாரி ஒருவர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதையும் பொருள் பற்றிப் பொய் சொல்வதையும் தடை செய்கிறது. ஆனால் சட்டம் பிடிப்பதற்கு முகவரி உள்ள வியாபாரி வேண்டும். மூன்று நாளில் மறையும் பக்கத்துக்கு முகவரி இல்லை.

காசு கொடுத்த பின் பிரிக்கும் பெட்டி

'பொருள் கிடைத்த பின் பணம்' என்பதைப் பாதுகாப்பு என்று நம்புகிறோம். உண்மையில் நாங்கள் காசு கொடுப்பது பெட்டிக்கு, உள்ளே இருப்பதற்கு அல்ல. கூரியர் நிறுவனம் பெட்டியை ஏற்றி இறக்குகிறதே தவிர உள்ளே பார்ப்பதில்லை.

ஆனால் ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. கூரியர் வாங்கும் காசு அநேகமாக அன்றே அனுப்பியவரிடம் போவதில்லை. சில நாட்கள் கழித்தே கணக்கில் போடப்படும். ஆகவே பிரித்ததும் பிழை என்று கண்டால், பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். பெட்டியில் ஒட்டியுள்ள சிட்டையின் இலக்கத்தைச் சொல்லிக் கூரியரின் தலைமை அலுவலகத்துக்கு உடனே முறையிடுங்கள், எழுத்திலும் அனுப்புங்கள். காசை நிறுத்தி வைப்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் வாய்ப்பு இருப்பது அந்தச் சில நாட்களில்தான். நாங்கள் அந்த நாட்களை அழைப்பு எடுத்தே வீணாக்கினோம்.

அந்தச் சிட்டையை எறிய வேண்டாம். அனுப்பியவரின் பெயர், தொலைபேசி இலக்கம், நிறை எல்லாம் அதில் இருக்கும். வழியில் பெட்டியைத் திறந்து பொருளை எடுத்திருந்தால் நிறை வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். ஒட்டிய பட்டி கிழிந்திருந்தால் கொண்டுவந்தவர் முன்னாலேயே படம் எடுங்கள். பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். வெளிநாட்டில் இருந்து உறவினர் கப்பலில் பெட்டி போடும்போதும் இதே முறைதான்: உள்ளே உள்ளவற்றின் பட்டியல், மூடும் முன் ஒரு படம், நிறை. இவை உங்கள் கைக்கு முன்கூட்டியே வந்திருக்க வேண்டும்.

தபால் பெயரில் வரும் குறுஞ்செய்தி

"உங்கள் பார்சல் முகவரி சரியில்லாததால் தேங்கி நிற்கிறது. கீழுள்ள இணைப்பில் சிறு கட்டணம் செலுத்தவும்." இந்தச் செய்தி பலருக்கு வந்திருக்கும். தபால் திணைக்களம் இது தன்னுடையது அல்ல என்று பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. கேட்பது சிறிய தொகைதான். அவர்களுக்குத் தேவை அந்தத் தொகை அல்ல. நீங்கள் அங்கே அடிக்கும் வங்கி அட்டை இலக்கமும், அதன் பின் தொலைபேசிக்கு வரும் ஓடிபி இலக்கமும்தான். அவை கிடைத்தால் கணக்கில் உள்ளதை எடுப்பார்கள்.

இணைப்பைத் தொடாதீர்கள். உண்மையில் பார்சலை எதிர்பார்க்கிறீர்கள் என்றால் உங்கள் தபால் கந்தோருக்கு நேரே போய்க் கேளுங்கள். ஓடிபி இலக்கத்தை வங்கியில் வேலை செய்கிறேன் என்று சொல்பவருக்கும் கொடுக்கக்கூடாது. வங்கி அதைக் கேட்காது.

வெளிநாட்டுப் பரிசும் சுங்கத் தீர்வையும்

எங்கள் வீடுகளில் அதிகம் வலித்த மோசடி இதுதான். முகநூலில் ஒருவர் நட்பாகிறார். லண்டனிலோ கனடாவிலோ இருப்பதாகச் சொல்கிறார். சில வாரங்கள் அன்பாகப் பேசுகிறார். பிறகு தங்க நகையும் தொலைபேசியும் போட்டு ஒரு பெட்டி அனுப்பியதாகப் படம் வருகிறது. அடுத்து 'சுங்க அதிகாரி' அழைக்கிறார்: பெட்டி கட்டுநாயக்கவில் நிற்கிறது, தீர்வை கட்ட வேண்டும். கட்டினால் தண்டப்பணம், அதையும் கட்டினால் வழக்குச் செலவு. பெட்டி என்ற ஒன்றே இல்லை.

சுங்கத் தீர்வை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்குச் செலுத்தப்படுவதில்லை. இந்த ஒரு வசனத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்கலாம். இலங்கைச் சுங்கமும் இதைப் பல தடவை அறிவித்திருக்கிறது.

ஏன் இது எங்களிடம் எடுபடுகிறது? வெளிநாட்டில் உறவு இல்லாத வீடு எங்களிடம் குறைவு, பெட்டி வருவது நம்பக்கூடிய விசயம். மற்றது, அதிகாரி என்ற குரலைக் கேட்டால் மறுகேள்வி கேட்காமல் இருக்கப் போர்க்காலம் எங்களைப் பழக்கிவிட்டது. போர் முடிந்த பின் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடமும் தடுப்பில் இருந்தோரின் குடும்பங்களிடமும் "ஆளைக் காட்டுகிறேன், எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லிக் காசு பறித்தவர்கள் இருந்தார்கள். தாலிக்கொடி விற்றுக் கொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்களைப் பேராசைக்காரர் என்று எவரும் சொல்ல முடியாது. காத்திருப்பவரிடம்தான் மோசடிக்காரன் வருகிறான்.

'வீட்டில் இருந்தே உழைக்கலாம்'

வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பகுதிநேர வேலை வரும். ஹோட்டல்களுக்கும் பொருட்களுக்கும் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் சில நூறு ரூபாய் உண்மையிலேயே கணக்கில் விழும். அதுதான் தூண்டில் புழு. பிறகு 'பெரிய வேலை' செய்ய முற்பணம் கட்டச் சொல்வார்கள். திரையில் உங்கள் மீதி இலட்சக்கணக்கில் காட்டும். எடுக்கப் போனால் வரி கட்டு என்பார்கள். வேலை தருபவர் உங்களிடம் காசு கேட்டால் அது வேலை அல்ல.

இதனோடு சேர்ந்து இன்னொன்று நடக்கிறது. "உன்ரை வங்கிக் கணக்கைத் தா, மாதம் காசு தாறம்" என்று இளைஞர்களிடம் கேட்கிறார்கள். ஏமாந்தவர்களின் காசு அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். பொலிஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு உரியவரின் வாசலில். ஏற்கனவே சந்தேகத்தோடு பார்க்கப்படும் ஊர்களின் பிள்ளைகளுக்கு இது சாதாரண ஆபத்து அல்ல. 'கணினி வேலை' என்று நம்பிப் போன இலங்கையர் பலர் மியன்மாரின் மியாவடிப் பகுதி மோசடி முகாம்களில் சிக்கி மீட்கப்பட்டதும் நினைவில் இருக்கட்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

- முகநூல் பக்கத்தின் அறிமுகப் பகுதியில் 'பக்க வெளிப்படைத்தன்மை' என்று ஒன்று இருக்கும். பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்று அதில் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் வேறு பெயரில் இருந்த பக்கத்தில் வாங்க வேண்டாம்.
- பொருளின் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். ஒரே படம் பல பெயர்களில் வந்தால் அது அவர்களுடைய படம் அல்ல.
- ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களை வாசியுங்கள். ஒரே நாளில் குவிந்த பாராட்டுகளை நம்ப வேண்டாம்.
- கொமென்ட் எழுதியவரின் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். முடிந்தால் அவருக்கே எழுதிக் கேளுங்கள்.
- கடை முகவரி, வியாபாரப் பதிவு, பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை.
- "இன்று மட்டும்", "கடைசி மூன்று" என்று அவசரப்படுத்தினால் ஒரு நாள் பொறுங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதல் வேலை வங்கி. அட்டை விபரமோ ஓடிபியோ கொடுத்திருந்தால், காசு அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே வங்கியை அழைத்து அட்டையையும் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். வங்கி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 1935.

போலிப் பக்கம், திருடப்பட்ட கணக்கு, மோசடி இணைப்பு என்றால் இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவு, 101. அவர்கள் ஆலோசனை தருவார்கள், பக்கத்தை நீக்க உதவுவார்கள். குற்ற விசாரணை பொலிஸின் வேலை.

பிழையான பொருள் என்றால் நுகர்வோர் விவகார அதிகாரசபை, 1977. உத்தரவாதத்துக்கு மாறான பொருள் பற்றிய முறைப்பாட்டை வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பொலிஸ் முறைப்பாடு என்றதும் அக்கா பின்வாங்கினார். "வேண்டாம் தம்பி. அங்கை போனா வேறை கேள்வியெல்லாம் கேப்பாங்கள்." இந்தப் பயத்தை நான் சிறிதாக எடுக்கவில்லை. ஆனாலும் போனோம். முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் சிட்டை, ஸ்கிரீன்ஷொட்டுகள், அழைப்பு விபரங்களை அச்சிட்டு, நடந்ததைத் திகதி வரிசையில் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு போனோம். எழுதிக்கொண்டார்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியக் கேட்கலாம். புரியாத மொழியில் எழுதியதை வாசித்து விளக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். தனியே போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

காசு திரும்பி வரவில்லை. அக்கா அந்தக் கடனை வாரா வாரம் இன்னும் கட்டுகிறார். ஆனால் கடன் குழுக் கூட்டத்தில் அந்தப் பிளாஸ்டிக் மெஷினைக் கொண்டுபோய் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னார். அங்கிருந்த ஒருவர் அதே மெஷினுக்கு முந்தின நாள் ஓடர் கொடுத்திருந்தார். வேறு பக்கம், அதே படம். பெட்டி வந்தபோது அவர் காசு கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னும் இரண்டு பேர் தாங்களும் முன்பு ஏமாந்ததை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார்கள்.

இதை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "என்ரை பேரைப் போடாதை. ஆனா எழுது" என்றார். இப்போது அந்தக் குழுவில் ஒருவர் எதையாவது இணையத்தில் வாங்குவதென்றால் முதலில் விளம்பரத்தை மற்றவர்களுக்கு அனுப்பிக் கேட்கிறார். எனக்கும் வருகிறது. இப்போது பஸ்ஸில் இருந்து பதில் போடுவதில்லை.