பொருநைக் கரையும் ஓபீர்ப் பொன்னும்

தூத்துக்குடி மாவட்டத்து ஏரல், பொருநையாற்றின் கடைப்பகுதியில் அமைந்த ஊர். அதற்குச் சில கல் தொலைவில் பழைய கொற்கையும், ஆற்றின் மேற்புறத்தே ஆதிச்சநல்லூரும், தென்மேற்கே கடலோரத்தில் உவரியும் உள்ளன. இவ்வட்டாரத்தொடு தொடர்புறுத்திப் பொன்னைப் பற்றிய செய்திகள் மூன்று பேசப்படுகின்றன. சாலமோன் மன்னனுக்குப் பொன் அளித்த ஓபீர், உவரியே என்பது ஒன்று. மெகசுதனீசு பொன்மிகுந்ததெனக் கூறிய தப்ரபேன், தாமிரபருணி என்னும் பெயரின் திரிபு என்பது மற்றொன்று. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டிற் கிடைத்த பொற்றகடுகள் மூன்றாவது. இவற்றை ஒருங்கு வைத்துக் காண்பார்க்கு, பொருநை வெளியில் பொற்சுரங்கம் ஒன்று பண்டு இருந்து மறைந்ததோ என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. அவ்வெண்ணம் ஏற்புடைத்தாமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஓபீரை முதலில் எடுத்துக்கொள்வோம். விவிலியத்து அரசர் முதல் நூல், அங்கிருந்து 420 தாலந்து பொன் வந்ததாகக் கூறும். குறிப்பேடு அதனையே 450 என்னும். இடத்தைப் பற்றியோ கொள்கைகள் பல. மும்பைக்கு வடக்கிலுள்ள சோபாரா என்பார் சிலர். சிந்துவின் கழிமுகத்து ஆபீர நாடு என்பார் சிலர். 1871இல் காரல் மௌக் என்னும் செருமானியர் ஆப்பிரிக்கச் சிம்பாபுவேயின் கல்மதில்களைக் கண்டு ஓபீரை அங்கே வைத்தார். ஒலி ஒப்புமை ஒன்றே சான்றாகுமாயின், உவரியைப் போலவே சோபாராவையும் ஆபீரத்தையும் நாம் ஏற்றல் வேண்டும்.

தமிழ்நாட்டிற்கு ஆதரவாகப் பெரிதும் காட்டப்பெறுவது மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல். அது தோகை என்பதன் திரிபு எனக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) எடுத்துக்காட்டினார். அச்சொற்பிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் மயில் வருமிடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஓபீரிலிருந்து வந்தனவாகச் சொல்லப்படுவன பொன்னும், அல்மக் மரமும், மணிக்கற்களுமே. மயிலும் குரங்கும் யானைத்தந்தமும் மூவாண்டுக்கு ஒருமுறை மீண்ட தர்சீசுக் கலங்களின் சரக்குகள். ஓபீருக்குச் செல்லவும் பின்னொரு மன்னன் தர்சீசுக் கலங்களைக் கட்டினான் என்பது கொண்டு இரண்டையும் ஒன்றாக்குவாரும் உளர். கலத்தின் வகைப்பெயர் ஒன்றாதலால் வழி ஒன்றாகிவிடாது. மேலும், கொற்கைக் கடலோரம் வந்த வணிகன் முத்தைப் பெயர் சொல்லிக் குறியாது போதல் நம்பத் தக்கதன்று.

1946இல் தெல் அவீவ் நகரையடுத்த தெல் கசீலேயில் கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஓட்டுச்சில்லு ஒன்று கிடைத்தது. அதில் ஓபீர்ப் பொன் 30 சேக்கல் என எழுதப்பட்டுள்ளது. சாலமோனுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு பிற்பட்ட இவ்வணிகக் குறிப்பில், ஓபீர் என்பது பொன்னின் தரத்தைச் சுட்டும் பெயராகவும் இருத்தல் கூடும். சிலப்பதிகாரம் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னை நால்வகைப்படுத்தும். அவற்றுள் சாம்பூநதம் சம்பு ஆற்றின் பெயரால் அமைந்தது. மதுரைக் கடைத்தெருவில் சாம்பூநதம் விற்றமை கொண்டு அவ்வாற்றை வையைக்கு அருகில் தேடுவார் எவருமிலர்.

மெகசுதனீசின் கூற்று வேறு தன்மையது. தப்ரபேன் இந்தியாவினும் மிகுதியாகப் பொன்னும் பெருமுத்தும் உடையது என அவர் கூறியதாகப் பிளினி எழுதுவார். அது இலங்கைத் தீவைப் பற்றிய செய்தி. ஆற்றுக்கும் தீவுக்கும் பெயர் ஒன்றாயிருத்தலால் ஒன்றன் வளத்தை மற்றொன்றற்கு ஏற்றிவிடல் ஆகாது. ஆயினும் இங்கே பொன்னும் முத்தும் இணைந்து வருதல் கருதத் தக்கது. மெகசுதனீசைத் தழுவி எழுதிய அர்ரியன், எரக்கிளீசு தன் மகள் பாண்டையாவுக்கு அணியாக முத்தைத் தேடிய கதையைக் கூறி, முத்தின் விலை அதன் எடைக்கு மும்மடங்கு தூய பொன் என்பார். இவ்வொரு செய்தியே நம் வினாவிற்குத் திறவுகோல் எனக் கருதுகிறோம். எடைக்கு மும்மடங்கு பொன் பெறும் சரக்கு விளையும் கரையில் பொன் குவியும். அதன்பொருட்டு நிலத்தை அகழ வேண்டுவதின்று. குவிந்த பொன்னைக் கண்ட அயலார் அதனை விளைந்த பொன் எனக் கொண்டிருத்தல் கூடும்.

இனி ஆதிச்சநல்லூர். 1876இல் யாகரும், 1899 முதல் அலெக்சாண்டர் இரீயும் அகழ்ந்த அவ்விடத்தில், நெற்றிப்பட்டம் எனத் தக்க பொற்றகடுகள் கிடைத்தன. 2022இலும் ஒன்று வெளிப்பட்டது. 2004-05 அகழ்வின் இரு மாதிரிகளுக்குக் கணிக்கப்பெற்ற காலம் கி.மு. 905, கி.மு. 696. முன்னது சாலமோன் காலத்திற்கு மிக அணித்து. இணைப்பாரை ஈர்ப்பது இவ்வணிமையே. ஆனால் அத்தகடுகள் மிக மெல்லியவை. அத்தாழிக்காட்டில் மிகுந்து காணப்படுவன இரும்பும் வெண்கலமுமே. சுரங்கம் அருகிருந்த மக்கள் இறந்தார்க்குப் பொன்னை இத்துணைச் சிக்கனமாகத் தட்டி வைத்திரார்.

நிலநூலும் இதற்கு மாறன்று. தென்னாட்டுப் பொன் பெரும்பாலும் தார்வார்ப் படிவங்களுக்குரியது. கோலாரும் இராய்ச்சூரைச் சார்ந்த அட்டியும் அவ்வகையின. அட்டியின் பழஞ்சுரங்க மரத்துண்டுகள் சற்றேறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையன. பொருநைப் படுகையின் பாறைகளோ சார்னோக்கைட்டும் நைசுமே.

ஆகவே மூன்று செய்திகளும் ஒரு சுரங்கத்தின் நினைவுகள் அல்ல. முதலாவதற்கு இக்கரையொடு தொடர்பே புலப்படவில்லை. ஏனைய இரண்டும் பொன் வந்து சேர்ந்தமையைக் காட்டுவன. கொற்கையிலுள்ள பழங்கோயில் ஒன்று அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் எனப் பெயர் பெற்றது. அக்கசாலை என்பது பொன் அகழும் இடமன்று. வந்த பொன்னை உருக்கி அடிக்கும் இடம். அப்பொன் வந்த வழியைத் துணிய, சென்னை அருங்காட்சியகத்திலுள்ள இரீயின் தகடுகளில் கலந்த வெள்ளியின் அளவை அட்டி, கோலார்ப் பொன்னொடு முதற்கண் ஒப்பிடல் வேண்டும். உவரியின் பெயராய்ச்சி அதற்குப் பின்னரே.