பங்கருக்குள் ஒரு சங்கீதம்

1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பெண்களைப் படிக்கவிட ஊர் பயந்தது. எமது காலத்துப் பயம் வானத்திலிருந்து வந்தது.

1990இல் மின்சாரம் போயிற்று; ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சகடையின் இரைச்சல் கேட்டதும் பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் இறங்குவோம். அந்த இருட்டில் வேதாகமத்தை வாசிக்க முடியாது. மனனம் செய்த சங்கீதங்களே கைகொடுத்தன. (ஏன் இத்தனை மனனம் என்று ஓய்வுநாட் பாடசாலையில் முணுமுணுத்தவர்களும் நாமே!) பக்கத்திலிருந்த சைவப் பிள்ளைகள் தேவாரம் சொன்னார்கள்.

1995 யூலை 9இல் நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோயிலுக்குள் இருந்தால் ஒன்றும் வராது என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. ஆயினும் அடுத்த ஞாயிறும் ஆராதனைக்குப் போனோம். கர்த்தர் தப்புவிப்பார் என்று அடித்துச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. கூட இருப்பார் என்று மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அதுவே ஒக்ரோபர் 30 இரவு, கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலம்வரை எம்மை நடத்தியது.

1996 சித்திரைக்குப் பின் திரும்பிவந்து வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டபோது, பதில் வராத பெயர்கள் எத்தனையோ. சிலர் வன்னியில், சிலர் கொழும்பில், சிலர் கடல் கடந்து. இம்மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களிற் பலர் அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள்.